உயர்திணைக்கு உரியோர்

தமிழ் இலக்கணம் கற்கப் புகும் மாணவன் முதற்கண் அறிந்துகொள்வது திணைப் பாகுபாடு. மக்கள் உயர்திணை, மக்கள் அல்லாதன அஃறிணை. எழுவாய் இன்ன திணையென்று தெளிந்தாலன்றி வினைமுற்றின் இறுதியில் ‘ஆன்’, ‘ஆள்’, ‘ஆர்’ என்றோ ‘அது’ என்றோ விகுதி கொடுத்தல் இயலாது. ஆகவே தமிழ் பேசுவோர் ஒவ்வொருவரும், தம்முன் நிற்பது ஆளோ பொருளோ என்பதற்கு வாய்திறக்குந்தோறும் விடை கூறிக்கொண்டே இருக்கின்றனர்.

குத்தாலம் கடைவீதியில் ஒரு திருநங்கை நடந்து செல்லுங்கால், ‘அது போகிறது’ என்று சொல்வாரை நாம் கண்டிருக்கிறோம். சொல்பவர் கொடியவர் அல்லர். கேட்டுப் பழகியதைச் சொல்பவர். ஆயினும் அச்சிறு விகுதியால் ஒருவர் உயர்திணையினின்றும் இறக்கப்படுகின்றார். இறக்கப்பட்டவர்க்கு வேலை தருவார் யார்? வீடு தருவார் யார்? சட்டம் தந்த உரிமை அவர் கைக்கு வந்து சேர்வது எவ்வாறு? இவையே ஈண்டு நாம் ஆராயப் புகுவன.

இலக்கண நூலார் கொள்கை

தொல்காப்பியனார் கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே இப்பொருளை எடுத்துக்கொள்கின்றார். ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயருக்குத் தனக்கென ஓர் ஈறு இல்லை. ஆயினும் அஃது உயர்திணையின்கண் வைத்தே பால் பிரித்து வழங்கப்பெறும் என்பது அவர் துணிபு. அந்நூற்பாவிலேயே தெய்வத்தைச் சுட்டும் பெயரையும் உடன் வைத்தார். தெய்வப் பெயர்க்கும் தனி ஈறு இல்லை. அதுபற்றித் தெய்வத்தை இழிவாக எண்ணியவர் எவரும் இலர். பின்னும் ஒரு நூற்பாவில், அத்தகையாரை ஆண்பாற் சொல்லால் முடித்தற்கு இடமில்லை என்றும் வரையறுத்தார்.

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இதனை மேலும் விளக்கினார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பால். ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோர் பெண்பால் என்பது அவர் கூற்று. ‘அவாவுதல்’ என்னும் சொல் நின்று நோக்கத்தக்கது. உடலின் அமைப்பு ஒன்றையே கொள்ளாது, உள்ளம் எதனை விழைகின்றது என்பதையும் கொண்டு பால் துணியலாம் என்பது இதனாற் பெறப்படும். எனினும் இவர்கள் அஃறிணை போலவும் கொள்ளப்படுவர் என்னும் பொருளும் அந்நூற்பாவின் இறுதியில் உண்டு. தெருவழக்கு அவ்விறுதியைப் பற்றிக்கொண்டது, முன்னுள்ளவற்றை மறந்தது.

நம் முன்னோர் எல்லாரும் இவர்களை மதித்தனர் என்று பெருமை பேசுதல் பொருந்தாது. திருக்குறளில் பேடியின் கைவாள் இரண்டிடங்களில் பயனின்மைக்கு உவமையாகின்றது. காவிரி கடலொடு கலக்கும் புகாரில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் பேடு என்பதும் ஒன்றென்று சிலப்பதிகாரம் கூறும். ஆங்கு அது கண்டு மகிழ்தற்குரிய கோலம். ஆடுகளத்தில் இடம் இருந்தது. ஆடல் முடிந்தபின் ஊரில் இடம் இருந்ததோ என்பதற்கு இவ்விடங்களில் விடையில்லை.

பெயர் வழக்கு

பழைய நூல்களிற் பயின்ற பேடி என்னும் சொல்லும், பிற்கால வழக்கிலுள்ள அலி என்பதும் இன்று வசைச்சொற்களாய்விட்டன. கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவின் தலைவனாகிய அரவானை ஒட்டி ‘அரவாணி’ என்னும் பெயர் எழுந்தது. பின்னர்த் ‘திருநங்கை’ என்பது நிலைபெற்றது. பிறந்தபொழுது ஆணென்று கொள்ளப்பட்டுத் தம்மைப் பெண்ணென உணர்வோர் திருநங்கையர். பெண்ணென்று கொள்ளப்பட்டுத் தம்மை ஆணென உணர்வோர் திருநம்பியர். திருநர் என்பது இவர்க்குப் பொதுப்பெயர். பிறப்பிலேயே உடற்கூறு ஆண் பெண் என்னும் இரண்டனுள் ஒன்றில் அடங்காதோர் ஊடுபாலினர். தம் பாலாரையே காதலிப்போர் தன்பாலீர்ப்பினர். இவர் அனைவரையும் ஒருங்கு சுட்டுங்காற் பால்புதுமையர் என்பர். தாம் யார் என்பது ஒன்று. தாம் யாரை விழைகின்றோம் என்பது பிறிதொன்று. இவ்விரண்டையும் மயக்குதல் கூடாது.

இச்சொற்கள் பொதுவழக்கிற்கு வந்தமைக்கு ஒரு வழக்கும் காரணமாயிற்று. மதுரையைச் சேர்ந்த இளம்பெண்கள் இருவர், ஒன்றாய் வாழ விரும்பிப் பெற்றோர்க்கு அஞ்சிச் சென்னைக்கு வந்து நீதிமன்றத்தை அடைந்தனர். அவ்வழக்கைக் கேட்ட நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இப்பொருளில் போதிய அறிவில்லை என்று வெளிப்படக் கூறி, உளநூல் வல்லாரிடம் பாடங்கேட்டார். பின்னர் 2021-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள், இவர்களைக் காக்கும் நெறிகளை வகுத்து, இவர்கள் இயல்பை மருந்தாலோ அச்சுறுத்தலாலோ மாற்ற முயலும் ‘சிகிச்சை’களைத் தடுத்து ஆணையிட்டார். அவ்வழக்கின் தொடர்ச்சியாக 2022-இல் தமிழ்நாட்டு அரசு, இவர்களைக் கண்ணியமாகக் குறித்தற்குரிய சொற்களின் தொகுப்பொன்றை வெளியிட்டது. அவ்வாண்டிலேயே, இவர்களைக் காவலர் துன்புறுத்தலாகாது என்னும் விதியும் காவலர் நடத்தை விதிகளுடன் சேர்க்கப்பட்டது.

சட்டம் வந்த வழி

1860-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, தன்பாலார் கூட்டத்தைக் குற்றமாக்கி, ஆயுட்காலம் வரை சிறையிடற்கு வழிவைத்தது. 1871-ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் ஒரு பகுதி, வடநாட்டில் இத்தகையாரைப் பட்டியலிற் பதியவும், பெண்ணுடை அணிந்து பொதுவிடத்தில் தோன்றினால் தண்டிக்கவும் அதிகாரம் தந்தது. ஆகவே பால்புதுமையர் என்போர் மேலைநாட்டிலிருந்து வந்தவர் என்று கூறுவார் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நன்று. இவர்களைக் குறிக்கும் சொல் தொல்காப்பியத்திலேயே உண்டு. கடல்கடந்து வந்தது இவர்களைக் குற்றவாளியாக்கிய சட்டமே.

விடுதலைக்குப் பின்னும் அச்சட்டம் நெடுநாள் நின்றது. தமிழ்நாட்டில் 2008-இல் திருநங்கையர்க்கென நல வாரியம் அமைந்தது. 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கில் ஆண் பெண் அல்லாத ‘பிறர்’ எனப் பதிந்தோர் நாடு முழுதும் 4,87,803 பேர். தமிழ்நாட்டில் 22,364 பேர். 2014 ஏப்ரல் 15-இல் உச்சநீதிமன்றம், தம் பாலினம் இன்னதென்று தாமே கூறும் உரிமை திருநர்க்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. பவணந்தியாரின் ‘அவாவுதல்’ இங்கு நம் நினைவிற்கு வருகின்றது. 2018 செப்டம்பர் 6-இல் ஐந்து நீதிபதிகள் கூடிய அமர்வு, முதிர்ந்தோர் இருவர் இசைந்து வாழும் வாழ்வுக்கு 377-ஆம் பிரிவு பொருந்தாது என்று முடிவு கூறியது.

2019-இல் இயற்றப்பட்டு 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், கல்வி, வேலை, மருத்துவம், குடியிருப்பு ஆகியவற்றில் வேற்றுமை காட்டுதலைத் தடுத்தது. வேலைக்கு எடுத்தலிலும் பதவி உயர்விலும் எந்நிறுவனமும் வேற்றுமை செய்யலாகாது; முறையீடு கேட்க ஓர் அலுவலர் ஒவ்வொரு நிறுவனத்திலும் இருத்தல் வேண்டும் என்றும் அது விதித்தது. எழுத்தளவில் இது பெரும்பேறு. வாழ்வளவில் எவ்வாறு என்பதை இனிக் காண்போம்.

தொழிற்களம்

முதற்றடை விண்ணப்பத்தாளிலேயே உளது. சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி என்னும் திருநங்கை காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்தார். ஆண், பெண் என்னும் இரண்டு கட்டங்களே அத்தாளில் இருந்தன, விண்ணப்பம் மறுக்கப்பட்டது. ஒவ்வொரு படியிலும் நீதிமன்றத்தை நாடி, 2015 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பைப் பெற்று, 2017-இல் அவர் பணியேற்றார். அவர் உடலும் அறிவும் தேர்வுக்குப் போதியனவாய் இருந்தன. போதாதிருந்தது தாளில் ஒரு கட்டம்.

இரண்டாந்தடை வேலையில் அமர்ந்தபின் வருவது. உத்தரப் பிரதேசத்துப் பள்ளியொன்றில் அமர்ந்த ஆசிரியை ஒருவர், திருநங்கை என்பது வெளிப்பட்டதும் சின்னாளில் விலக்கப்பட்டார். குஜராத்துப் பள்ளியொன்றில் தருவதாயிருந்த வேலையும் அக்காரணத்தாலேயே நழுவியது. அவர் வழக்கில் 2025 அக்டோபர் 17-இல் உச்சநீதிமன்றம் இழப்பீடு வழங்க ஆணையிட்டு, 2019-ஆம் ஆண்டுச் சட்டம் செயற்படுத்தப்படாமையைக் கடிந்து, எல்லார்க்கும் சமவாய்ப்பு நல்கும் கொள்கையொன்றை வகுக்க முன்னாள் நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் குழு அமைத்தது. சட்டம் பிறந்து ஆறாண்டின் பின்னும் இஃது ஆணையிட்டுச் செய்விக்க வேண்டியதாயிற்று.

மூன்றாந்தடை மறைந்து வாழ்வோர்க்கு உரியது. திருநரைக் கண்டோர் அறிவர். தன்பாலீர்ப்பினரைப் பலரும் அறியார். அறியாதவரை அவர்க்கு வேலை உண்டு. அறிந்த அன்று இல்லை என்னும் அச்சத்தோடு நாள் கழிப்பர். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்தி கற்பித்த பேராசிரியர் ராமச்சந்திர சிராஸ் என்பவர் கவிஞருமாவார். 2010 பிப்ரவரியில் அவர் வீட்டினுள் புகுந்து சிலர் படம் பிடித்தனர். புகுந்தவர் செயலினும் அவர் செயலே பெரிதாக எண்ணப்பட்டு, அவர் பணியினின்றும் தற்காலிகமாக நீக்கப்பட்டார். ஏப்ரல் 1-இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் அந்நீக்கத்தை நிறுத்திவைத்தது. ஏப்ரல் 7-இல் அவர் தம் வாடகை வீட்டில் இறந்து கிடந்தார். மொழியும் கவிதையும் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் நாள்தோறும் பாடங்கேட்கும் நாம், அவர் வகுப்பில் இருந்த மாணவரை எண்ணாமல் இருத்தல் இயலவில்லை.

வயலும் கூலியும்

வேலை என்றவுடன் அலுவலகத்தையே எண்ணுதல் நகரத்தார் வழக்கம். குத்தாலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வேலை என்பது வயல். காவிரிப்படுகையில் வரப்பு வெட்டுதலும் நாற்றுப் பறித்தலும் பெரும்பாலும் ஆணாள் வேலை. நடவும் களையெடுப்பும் பெண்ணாள் வேலை. ஆணாள் கூலி வேறு; பெண்ணாள் கூலி வேறு. நடவாட்கள் ஒரு தெருவினராய், உறவினராய், ஒன்றுகூடி வயலில் இறங்குவர். நடவு இயந்திரம் பெருகிய பின்னும் இவ்வழக்கு முற்றும் மறையவில்லை.

இதனுள் ஒரு திருநங்கை எங்கே நிற்பார்? ஆணாட்களோடு நின்றால் ஏளனம்; பெண்ணாட்களோடு இறங்க அவர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும். எவ்வணியிலும் சேராதவர்க்கு எக்கூலியும் இல்லை. இவ்வாறு வயலும் வீடும் விலக்கியபின் புகைவண்டியிலும் கடைவாயிலிலும் கைதட்டிக் காசு கேட்போரைப் பார்த்து, ‘உழைத்துப் பிழைக்கலாகாதா?’ என்கின்றோம். வேலையை மறுத்த வாயே வேலையின்மையைப் பழித்தல் நேர்மையாகாது.

பழைய சட்டமும் இவர்களை எண்ணவில்லை. 1976-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம் ஆண் தொழிலாளர், பெண் தொழிலாளர் என்று இருவரையே கூறிற்று. 2019-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்போ, பாலினம் பற்றி ஊதியத்தில் வேற்றுமை கூடாது என்று பொதுவாய் மொழிந்தது. ஒரு சொல்லின் மாற்றம் ஒரு சாராரை உள்ளே அழைத்துக்கொண்டமைக்கு இஃது எடுத்துக்காட்டு.

குத்தாலத்தின் பழம்பெயர் திருத்துருத்தி. துருத்தி என்பது ஆற்றிடைக்குறை. இருபுறமும் நீர் சூழ நடுவில் நின்ற நிலமாதலின் அப்பெயர் பெற்றது என்பர். எக்கரையையும் சேராது நின்றமையால் அந்நிலம் ஊராகாமற் போகவில்லை.

வீடும் பெயரும்

வேலை கிடைத்தாற் போதுமோ எனின், போதாது. 2017-இல் கொச்சி மெட்ரோ நிறுவனம் தன் நிலையங்களில் திருநர் பலரைப் பணிக்கு அமர்த்தியது, நாடே பாராட்டியது. சின்னாட்களில் அவருட் சிலர் வேலையை விட்டு விலகினர். வேலைக்குச் செல்லும் தொலைவில் அவர்க்கு வாடகைக்கு வீடு கொடுப்பார் இல்லாமையே பெருங்காரணம். விடுதியறைக்கு நாள்தோறும் கொடுக்க ஊதியம் போதவில்லை. நிறுவனம் தந்ததை வீட்டுக்காரர் பறித்துக்கொண்டார். தொழிலுரிமையும் அன்றாட வாழ்வும் ஒன்றையொன்று பற்றி நிற்றலை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது.

தன்பாலீர்ப்பினர்க்கும் இத்தகைய தடைகள் உள. 2023 அக்டோபர் 17-இல் உச்சநீதிமன்றம் தன்பாலார் மணத்தைச் சட்டமுறையாக ஏற்க மறுத்து, அதனைச் சட்டமன்றங்களுக்கு விட்டது. அதனால் உடன் வாழ்பவர் நோயுற்றால் மருத்துவமனையில் கையொப்பமிடுவார் யார், இறந்தால் சேமிப்பைப் பெறுவார் யார் என்னும் வினாக்கள் எழுந்தன. 2024 ஆகஸ்டில் நடுவணரசின் நிதித்துறை, இத்தகையோர் வங்கியில் கூட்டுக்கணக்குத் தொடங்கவும் ஒருவரையொருவர் நியமனதாரராகக் குறிக்கவும் தடையில்லை என்று தெளிவுறுத்தியது. பாசப்புத்தகத்தில் இரண்டு பெயர் என்பது சிறிது. அவ்விருவர்க்கு அது சிறிதன்று.

இனி, ஒருவர் கதவு திறந்ததனால் விளைந்த பயனையும் சொல்லுதல் வேண்டும். மதுரையிற் பிறந்த நர்த்தகி நடராஜ் என்னும் திருநங்கை, ஆடல் கற்க விரும்பித் தஞ்சை நால்வரின் வழித்தோன்றலாகிய கிட்டப்பா பிள்ளையை நாடினார். அப்பெரியார் அவரை மாணவியாய் ஏற்றுப் பல்லாண்டு உடன்வைத்துக் கற்பித்தார். நர்த்தகி என்னும் பெயரும் அவர் இட்டதே. 1999-இல் ஆசிரியர் மறைந்தார். 2019-இல் மாணவிக்குப் பத்மசிறீ விருது கிடைத்தது. திருநங்கை ஒருவர் அவ்விருது பெறுவது அதுவே முதன்முறை. இக்காவிரி நாட்டு ஆசிரியர் ஒருவர் எச்சட்டமும் பிறவாமுன் கொடுத்தவை மூன்று: இருக்க இடம், கற்கத் தொழில், அழைக்கப் பெயர். சட்டங்கள் பின்னர்க் கூறியனவும் இவையே.

ஒரு தடையும் விடையும்

‘எம் சமயம் இதனை ஒப்பவில்லை, நாங்கள் எங்ஙனம் துணை நிற்பது?’ என்று வினவுவார் பல சமயத்தாருள்ளும் உளர். சமயநூற் பொருளை முடிவு செய்தல் நம் அளவினதன்று. ஆயினும் ஒப்புதல் வேறு, உரிமை வேறு. பிறர் வாழ்க்கையை நாம் ஒப்புகின்றோமா என்று கேட்டுக்கொண்டு எவருக்கும் கூலி அளப்பதில்லை, அரிசி விற்பதில்லை, பேருந்திற் சீட்டுக் கொடுப்பதில்லை. இவர்க்கு மட்டும் அக்கேள்வி ஏன் எழ வேண்டும்?

நம் திருமறையிலும் இதற்கு ஒளி உண்டு. ஏசாயாவின் நூலில் அண்ணகர்க்கு வாக்களிக்கப்படுவது என்றும் அழியாப் பெயர். அப்போஸ்தலர் நடபடிகளிற் காணும் எத்தியோப்பியர் ஓர் அண்ணகர். அரசியின் கருவூலம் முழுவதையும் காத்த அலுவலர். ஞானஸ்நானம் பெறத் தமக்குத் தடை என்ன என்று அவர் வினவியபொழுது பிலிப்பு ஒரு தடையும் கூறினாரல்லர். நீரில் உடன் இறங்கினார்.

செய்யத்தக்கன

சட்டமன்றம் செய்வன நம் கையில் இல்லை; கல்லூரியும் ஊரும் செய்வன உள. சேர்க்கைத் தாளில் பாலினத்திற்கு மூன்றாவது கட்டம் இருத்தல், பெயர்ப் பதிவேட்டில் ஒருவர் தமக்கு இட்டுக்கொண்ட பெயரையே ஆசிரியர் அழைத்தல், அச்சமின்றிச் செல்லத்தக்க கழிப்பறை, முறையீடு கேட்கும் அலுவலர் இன்னாரென்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருத்தல் ஆகியவை பெரும்பொருட் செலவில்லாதவை. வகுப்பில் நடைமென்மை உடைய மாணவனைப் பெயரிட்டு நகையாடும் வழக்கை நாமே நிறுத்தலாம். படிப்பை இடையில் விட்டவர்க்குப் பின்னர் வரும் வேலைவாய்ப்பாற் பயன் குறைவு. ஆகவே தொழிற்களத்து நீதி வகுப்பறையிலேயே தொடங்குதல் வேண்டும்.

தமிழ் கற்கும் மாணவர்க்குச் சிறப்பாக ஒரு கடமை உண்டு. குத்தாலத்திற்கு அண்மையிலுள்ள மாயூரத்தில் முனிசீபாய் இருந்த வேதநாயகம் பிள்ளை, 1860-களில், ஆங்கிலத்தில் இருந்த நீதிமன்றத் தீர்ப்புக்களைத் தமிழாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் வெளியிட்டார். தம் வழக்கு இன்ன நியாயத்தால் முடிந்தது என்பதை வழக்காடுவோர் அறியாதிருத்தல் முறையன்று என்று அவர் கருதினார் போலும். 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பும், 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பும், 2025-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. நடவாட்களின் தலைவியும், வீட்டுக்குச் சொந்தக்காரரும், பள்ளித் தலைமையாசிரியரும் படித்தறியும் எளிய தமிழில் அவற்றின் சாரத்தைச் சொல்லுதல் நம்மனோர்க்கு இயலும் தொண்டு. விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு தீர்ப்பையேனும் ஒரு வீட்டிலேனும் எடுத்துரைப்பாராக. உரைக்குங்கால் விகுதி பிழையாமற் காக்க.